வளைந்த பம்பரும் வக்கீல் வண்டி நம்பரும்

நம்பர் பிளேட் மாட்டுவதெல்லாம் ஒரு வேலையா என்று கேட்கிற முகத்தை நான் பார்த்தவுடன் கண்டுபிடித்துவிடுவேன். இந்த ஒர்க்ஷாப்பில் புதிதாகச் சேர்ந்திருக்கிற உங்களில் நாலைந்து பேருக்கு அந்த முகம் இருக்கிறது. தப்பில்லை, எனக்கும் இருந்தது. இஞ்சினைப் பிரித்துப் பூட்டுகிறவன் பெரிய ஆள், தகடு முறுக்குகிறவன் சின்ன ஆள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அந்தச் சின்ன வேலையில் ஒருத்தன் என்னைவிடப் பெரிய ஆளாக இருந்தான். அதைத் தாங்க முடியாமல் நான் என்ன செய்தேன் என்பதைத்தான் இப்போது சொல்லப்போகிறேன். இஞ்சின் கதைகளும் என்னிடம் நிறைய உண்டு. அவற்றில் எல்லாம் நான் யோக்கியனாக வருவேன், அதனால் உங்களுக்கு அவற்றால் பிரயோஜனம் கிடையாது.

ஐம்பதுகளின் கடைசி. திருச்சியில் சத்திரம் பஸ் நிலையத்திலிருந்து காவிரிப் பக்கம் போகிற தெருவில் எங்கள் ஒர்க்ஷாப் இருந்தது. நாலு கார் நிற்கிற தகரக் கொட்டகை, எட்டுப் பேர் வேலை. முதலாளி முன்னாளில் லாரி ஓட்டியவர். யாரையும் பேர் சொல்லிக் கூப்பிட மாட்டார், ஊர் சொல்லித்தான் கூப்பிடுவார். என் அப்பா பொன்மலை ரயில்வே பட்டறையில் ஃபிட்டர், நாங்கள் குடியிருந்ததும் அங்கேதான், ஆகவே நான் பொன்மலை. என்னைவிட இரண்டு வயது சின்னவன் ஒருத்தன் வையம்பட்டியிலிருந்து வந்து சேர்ந்தான். அவன் வையம்பட்டி. அவனுடைய சொந்தப் பேர் எனக்குத் தெரியும், ஆனால் அவனை நினைக்கும்போது அந்தப் பேர் வருவதில்லை.

நான் முறையாக வேலை கற்றவன். அரத்தைப் பிடிப்பதிலிருந்து எல்லாவற்றையும் அப்பா கையில் பிரம்பு வைத்துக்கொண்டு சொல்லிக்கொடுத்தார். என்னிடம் சொந்தமாக ஒரு ரசமட்டம் இருந்தது, கண்ணாடிக் குழாய்க்குள் குமிழி ஓடுமே, அது. எட்டுப் பேரில் வேறு யாரிடமும் கிடையாது. வையம்பட்டியோ கடலைக் காட்டிலிருந்து நேரே பஸ்ஸைக் கழுவ வந்து, அங்கிருந்து எங்கள் ஷெட்டுக்கு வந்தவன். அவனுக்கு அளவுகோல்கூடக் கால்சட்டைப் பையில் அழகுக்குத்தான் இருந்தது.

அந்தக் காலத்து முன் பம்பரை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். முழு இரும்பு, மேலே குரோமியப் பூச்சு. முகம் பார்த்து மீசை ஒதுக்கலாம். நடுவில் புடைத்து, இரண்டு முனையும் பின்னால் வளைந்து போகும். நம்பர் எழுதிய தகடோ சப்பட்டை. சப்பட்டையை வளைவின் மேல் வைத்து போல்ட் போட்டு முறுக்கினால் தகடும் கூடவே வளையும், எழுதின பெயிண்ட் வெடிக்கும். முறுக்காமல் விட்டால் இரண்டு ஓரமும் காது மாதிரி விலகி நின்று, மேடு பள்ளத்தில் கடகடவென்று ஆடும். நாங்கள் எல்லாரும் இந்த இரண்டில் ஒன்றைச் செய்துவிட்டு, பம்பரின் மேல் பழி போட்டுக்கொண்டிருந்தோம்.

வையம்பட்டி பம்பரில் ஓட்டையே போட மாட்டான். பம்பரைப் பின்னால் தாங்குகிற போல்ட்டிலிருந்து இரண்டு இரும்புப் பட்டையை முன்னால் கொண்டுவருவான். பழைய காலண்டர் அட்டையை வெட்டி பம்பரின் மேல் வைத்துப் பார்த்து, அதே வளைவுக்குப் பட்டையை வளைத்து, இடையில் டியூப் ரப்பர் கொடுத்து, அதன் மேல் தகட்டை உட்கார வைப்பான். பிறகு வண்டியை ரோட்டுக்குத் தள்ளச் சொல்லுவான். பத்தடி தள்ளிக் குந்திக்கொண்டு பார்ப்பான்.

“இடது பக்கம் ஒரு நூல் ஏத்துங்கண்ணே” என்பான்.

ஒரு நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. பத்தடியிலிருந்து ஒரு நூல் எவன் கண்ணுக்குத் தெரியும்? அவன் கண்ணுக்குத் தெரிந்தது. ஒருநாள் எல்லாரும் சாப்பிடப் போயிருந்தபோது அவன் மாட்டிய தகட்டை நான் ரகசியமாக அளந்து பார்த்தேன். இரண்டு முனையிலும் ஒரே அளவு. மறுபடியும் அளந்தேன். அதே அளவு. அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

வாடிக்கைக்காரர்கள் வேறு வாசலில் நுழையும்போதே “வையம்பட்டி இருக்காருங்களா?” என்று கேட்பார்கள். நான் அவர்கள் எதிரில்தான் நிற்பேன். ஒரு செட்டியார் என்னைப் பார்த்து, “நீங்க வேலையைப் பாருங்க, நான் அவருக்கு வெயிட் பண்றேன்” என்றார். அவர் நல்ல மனசோடு சொன்னதுதான். எனக்கு அடிவயிற்றிலிருந்து எரிந்தது. அவன் கெட்டவனாக இருந்திருந்தால் எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும். அவனோ “அண்ணே, அண்ணே” என்று என்னிடம் மரியாதையாகவே இருந்தான். அதுவும் பிடிக்கவில்லை.

இதற்கு நடுவில் எங்கள் பழைய மேஸ்திரி வேலையை விட்டுவிட்டு மகனோடு கரூருக்குப் போய்விட்டார். அந்த இடத்துக்கு எங்கள் இருவரில் ஒருவரைப் போடப்போவதாக முதலாளி சொன்னார். பொங்கலுக்குள் சொல்கிறேன் என்றார். எனக்கு ஆறு வருஷ சர்வீஸ், அவனுக்கு மூன்று. நியாயப்படி எனக்குத்தான் வரவேண்டும் என்று வீட்டில் சொல்லியும் வைத்துவிட்டேன்.

அப்போதுதான் ஸ்ரீரங்கத்து வக்கீலின் புது வண்டி வந்தது. பணம் கட்டி வருஷக்கணக்கில் காத்திருந்து, சென்னையிலிருந்து வந்து சேர்ந்த கறுப்புக் கார். நம்பர் கிடைத்துவிட்டது, தகடு பெயிண்டரிடம் இருந்தது. அடியில் பெயிண்ட் அடிப்பது போன்ற சில்லறை வேலைகளுக்காக வண்டியை எங்கள் ஷெட்டில் விட்டிருந்தார். வையம்பட்டி அதற்கு அட்டை வெட்டி, பட்டை வளைத்து, சாக்கில் சுற்றி மேல் தட்டில் வைத்தான். பிறகு கடலை எடுப்புக்கு நாலு நாள் லீவு கேட்டுக்கொண்டு ஊருக்குக் கிளம்பினான்.

கிளம்பும்போது என்னிடம் வந்தான். “அண்ணே, வக்கீல் வண்டிக்குப் பட்டை ரெடியா இருக்கு. தகடு வந்ததும் நீங்க மாட்டிடுங்க. வெளியே தள்ளிப் பார்த்துக்குங்க, அவ்வளவுதான்.”

நம்பித்தான் சொன்னான். எனக்கு உத்தரவு போட்டதுபோல் காதில் விழுந்தது.

வியாழக்கிழமை தகடு வந்தது. பின்னாலேயே வக்கீலும் வந்தார். நெற்றியில் திருமண், தோளில் அங்கவஸ்திரம். கோர்ட்டிலிருந்து நேரே வந்திருந்தார்.

“வையம்பட்டிக்காரர் இல்லையோ?” என்றார்.

“ஊருக்குப் போயிருக்கான் சாமி. நான் மாட்டிடறேன்.”

“அவர் வரட்டுமே. நாளைக்குக் கோபுர வாசல்ல நிறுத்திப் பூஜை பண்ணணும்னு ஆத்துல நெனச்சிண்டிருக்கா, வாஸ்தவம்தான். ஆனா கோணலா இருந்தா நன்னாயிருக்காது. அடுத்த வெள்ளிக்கிழமை பார்த்துக்கறேன்.”

அவர் திரும்பி நடக்கத் தொடங்கிவிட்டார். ஒரு வாரம் தள்ளினாலும் தள்ளுவேன், உன் கை மட்டும் படக்கூடாது என்று சொல்லிவிட்டுப் போகிற மாதிரி இருந்தது. என் வாய் தானாகத் திறந்தது.

“அளவு, குறி எல்லாம் அவன் போட்டு வச்சிட்டுத்தான் போயிருக்கான் சாமி. நான் முறுக்க வேண்டியதுதான் பாக்கி.”

“அப்படியா? அப்ப சரி. சாயங்காலம் வரேன்” என்று சொல்லிவிட்டு அவர் போனார்.

அந்த நிமிஷத்தில் நான் சொன்னது பொய் இல்லை. பட்டை நிஜமாகவே மேல் தட்டில் இருந்தது. எடுத்துப் பிரித்துப் பார்த்தேன். பம்பரின் மேல் வைத்தேன். வெண்ணெய் தடவியதுபோல் ஒட்டிக்கொண்டது. கால் மணி நேரத்து வேலை. ஆனால் அதை மாட்டினால் அது அவன் வேலை, நான் முறுக்கியவன். பட்டைகளைப் பழையபடி சாக்கில் சுற்றி மேலே வைத்துவிட்டேன்.

தம்பிகளா, என் நாற்பது வருஷ வேலையில் கைதவறிச் செய்த பிழைகள் எத்தனையோ. இது கைதவறியது அல்ல. சரியான சாமானைக் கையில் எடுத்து, சரியானதுதான் என்று தெரிந்துகொண்டு, திரும்ப வைத்தேன்.

பம்பரில் இரண்டு ஓட்டை போட்டேன். வாடிக்கைக்காரர் பம்பரில் ஓட்டை போடுவதானால் முதலாளியைக் கேட்க வேண்டும் என்பது எங்கள் ஷெட்டின் சட்டம். முதலாளி வெளியே போயிருந்தார். தகட்டை வைத்து அதன் மேல் ரசமட்டத்தை வைத்தேன். குமிழி நட்டநடுவில் வந்து நின்றது. இந்தக் காட்டான் கண்ணால் பார்ப்பதை நான் கருவியால் பார்க்கிறேன் என்று கர்வத்தோடு முறுக்கினேன். கடைசிச் சுற்றில் பெயிண்ட் லேசாக வெடித்தது. வெடித்த இடத்தில் கறுப்பு பெயிண்ட் தொட்டு மறைத்தேன். சாயங்காலம் வக்கீல் வந்து, ஷெட்டுக்குள்ளேயே பார்த்துவிட்டு, “நன்னாயிருக்கு” என்று ஓட்டிக்கொண்டு போனார். எனக்கு நெஞ்சு இரண்டு அங்குலம் நிமிர்ந்தது.

சனிக்கிழமை காலையில் வண்டி திரும்பி வந்தது. வாசலில், சமதரையில் நின்றது. நம்பர் ஒரு பக்கமாகத் தலையைச் சாய்த்துக்கொண்டிருந்தது. முதல் நாள் ஸ்ரீரங்கத்தில், அப்போது கட்டி முடியாமல் நின்ற மொட்டைக் கோபுரத்தடியில் தேங்காய் உடைப்பதற்கு முன்னாலேயே பூக்காரி, “நம்பர் சாஞ்சிருக்கே சாமி” என்றாளாம். அதோடு பெயிண்ட் உதிர்ந்து ஓர் எட்டு மூன்றாகிவிட்டது. பாலத்து முனையில் போலீஸ்காரர் நிறுத்தி விசாரித்தாராம்.

முதலாளி தகட்டைக் கழற்றச் சொன்னார். கழற்றினேன். புது பம்பரில் இரண்டு ஓட்டை, ஓட்டையைச் சுற்றிக் குரோமியம் பெயர்ந்திருந்தது. அந்த நாளில் அந்த பம்பருக்கு மாற்று பம்பர் எழுதிப் போட்டாலும் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது.

“இது யார் போட்டது?” என்றார்.

நான் வாய் திறக்கும் முன் வக்கீலே பதில் சொன்னார். “குறியெல்லாம் வையம்பட்டிக்காரர் போட்டு வச்சிட்டுப் போனதாத்தான் இவர் சொன்னார்.”

முதலாளி என் பக்கம் திரும்பினார். “அப்படியா பொன்மலை?”

ஷெட்டில் அத்தனை பேரும் சுத்தியலை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இல்லை என்று ஒரு வார்த்தை சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? எனக்கு அந்த நேரம் இருந்தது.

“ஆமாங்க. ஊருக்குப் போற அவசரத்துல போட்டிருப்பான்” என்றேன்.

அன்றைக்கே முதலாளி வையம்பட்டிக்குத் தபால் கார்டு எழுதினார். என்னைக் கேட்காமல் பம்பரில் கை வைத்தவன் இனி வரவேண்டாம், உன் குறியால் பம்பரில் ஓட்டை விழுந்து, வக்கீல் வண்டி நம்பர் கோணலாகி மானம் போயிற்று என்று எழுதினார். திங்கட்கிழமை என்னைக் கூப்பிட்டு மேஸ்திரி என்றார். வீட்டில் கேசரி கிளறினார்கள். நான் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன். அதையும் மறைக்கப் போவதில்லை.

மேஸ்திரியாகி ஒரு வாரம் வக்கீல் வண்டியை நான் தொடவில்லை. புதுத் தகடு எழுதி வரட்டும் என்று சாக்குச் சொன்னேன். மேல் தட்டில் இருந்த பட்டைகளை மாட்டினால் அரை நாளில் எல்லாம் சரியாகிவிடும். ஆனால் அது யார் வளைத்த பட்டை என்று பார்த்தவுடன் எல்லாருக்கும் தெரிந்துவிடும். அவன் கை வேறு, எங்கள் கை வேறு.

வையம்பட்டியிடமிருந்து பதில் கார்டு வந்தது. சண்டையில்லை, கெஞ்சலில்லை. தன் டூல்ஸ் பெட்டியை யாரிடமாவது கொடுத்தனுப்பச் சொல்லி ஒரே வரி. நானே கொண்டுபோகிறேன் என்று முதலாளியிடம் சொன்னேன். மனசாட்சி உறுத்திப் போனேன் என்று நினைத்துவிடாதீர்கள். நான் மேஸ்திரியான பிறகு அவன் முகம் எப்படி இருக்கிறது என்று பார்க்க ஆசையாக இருந்தது. அதற்காக ஒரு ஞாயிற்றுக்கிழமை பாசஞ்சர் வண்டி ஏறி, இரும்புப் பெட்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு, விசாரித்து விசாரித்து அவன் காட்டுக்குப் போனேன்.

பிடுங்கிப் போட்ட கடலைச் செடிக் குவியலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து காய் ஆய்ந்துகொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் எழுந்து பெட்டியை வாங்கி இறக்கினான்.

“நீங்களா தூக்கிட்டு வந்தீங்க? யாரையாவது அனுப்பியிருக்கலாமேண்ணே” என்றான். சொம்பில் தண்ணீர் கொடுத்தான். நான் குடித்து முடித்ததும் மறுபடி காய் ஆய உட்கார்ந்துகொண்டு கேட்டான். “பட்டை எங்கண்ணே இடிச்சுது?”

எனக்குப் புரியவில்லை.

“அட்டையை மூணு தடவை வச்சுப் பார்த்தேன். சரியாத்தான் இருந்துச்சு. பட்டை பொருந்தாமத்தான நீங்க ஓட்டை போட்டிருப்பீங்க? கார்டு வந்ததுலேருந்து அதையேதான் நினைச்சிட்டிருக்கேன். எங்க தப்பு விட்டேன்னு தெரியலை.” தள்ளி இருந்த கிணற்று மேட்டைக் காட்டினான். “அந்தக் கல்தூணைப் பாருங்கண்ணே. நேரா இருக்கா, சாஞ்சிருக்கா?”

பார்த்தேன். “நேராத்தான் இருக்கு.”

“எனக்கு நிச்சயமாச் சொல்ல முடியலை. இப்பல்லாம் எதைப் பார்த்தாலும் சாஞ்ச மாதிரி தெரியுது.”

பத்தடியிலிருந்து ஒரு நூலைக் கண்டுபிடித்தவன் ஒரு கல்தூணைப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்கிறான். மூன்று வருஷமாக நான் வயிறெரிந்தது அந்தக் கண்ணைப் பார்த்துத்தான். அது கெட்டுப்போனால் தேவலை என்று நினைத்திருக்கிறேன், பலநாள் நினைத்திருக்கிறேன். நினைத்தது நடந்து என் எதிரே உட்கார்ந்து கடலை ஆய்ந்துகொண்டிருந்தது.

“பட்டை இடிக்கலை. நான் அதை மாட்டவே இல்லை” என்றேன்.

கடலைச் செடியைக் கீழே வைத்தான். “பின்னே?”

“நேரா ஓட்டை போட்டு மாட்டினேன்.”

“ரசமட்டம் வச்சா?”

“ஆமா.”

“ஷெட்டுக்குள்ள நிறுத்தியே வச்சுப் பார்த்தீங்களா?”

“ஆமா.”

“நம்ம ஷெட்டுத் தரை சாக்கடைப் பக்கம் சரிவுல்லண்ணே. வண்டி கழுவற தண்ணி ஓடணும்னு சரிச்சுத்தான கட்டியிருக்காங்க. வண்டியே சாஞ்சு நிக்குது, தகடு மட்டும் மட்டமா நின்னா வெளியே வந்ததும் கோணத்தானே செய்யும்?”

ஆறு வருஷம் நான் நடந்த தரை. என் ரசமட்டத்துக்குத் தெரியாதது அவனுக்குக் கடலைக் காட்டில் உட்கார்ந்தபடியே தெரிந்தது. மன்னிப்புக் கேட்க வேண்டிய அந்த இடத்திலும், சத்தியமாகச் சொல்கிறேன், எனக்குப் பொறாமையாகத்தான் இருந்தது.

அவன் முதலில் பெருமூச்சு விட்டான். “அப்ப என் கண்ணுக்கு ஒண்ணும் ஆகலை” என்றான். சிரிக்கக்கூடச் செய்தான். அப்புறம் அந்தச் சிரிப்பு நின்றது.

“முதலாளிகிட்ட யார் பேரைச் சொன்னீங்க?”

“உன் பேரைத்தான்.”

கீழே வைத்த செடியை எடுத்து மண்ணை உதறினான். அடிப்பான் என்று நினைத்தேன். அடித்திருந்தால் கணக்குத் தீர்ந்தது என்று நான் ஊர் திரும்பி மேஸ்திரியாகவே இருந்திருப்பேன்.

“பெட்டியைத் திரும்ப எடுத்துட்டுப் போங்க” என்றான். “அவர்கிட்ட நடந்ததைச் சொல்லுங்க. சொன்னீங்கன்னா அவரே எனக்குக் கார்டு போடுவாரு, நான் வரேன். சொல்லலைன்னா பெட்டி அங்கயே கிடக்கட்டும். எனக்கு வேணாம்.”

மறுபடியும் அந்தப் பெட்டியைத் தோளில் ஏற்றிக்கொண்டு ஸ்டேஷனுக்கு நடந்தேன். போகும்போது இல்லாத கனம் வரும்போது இருந்தது. ரயிலில் உட்கார்ந்து யோசித்தேன். பெட்டியை ஷெட்டில் வைத்துவிட்டு, அவன் வாங்கிக்கொள்ளவில்லை, கோபமாக இருக்கிறான் என்று சொன்னால் யாருக்கும் எதுவும் தெரியாது. அவன் வந்து சொல்லப்போவதில்லை. வந்தாலும் யார் நம்புவார்கள்?

பிறகு ஏன் சொன்னாய் என்று கேட்பீர்கள். நியாயத்துக்காக என்று சொல்லி உங்களை ஏமாற்ற மாட்டேன். கல்தூண் கண்ணை விட்டுப் போகவில்லை, அது ஒன்று. இன்னொன்றும் இருந்தது. அவன் ஊரிலேயே இருந்துவிட்டால் நான் அவனை ஜெயிக்கவே முடியாது. எதிரில் இல்லாதவனோடு எப்படிப் போட்டி போடுவது? எங்கள் ஷெட்டில் யார் நன்றாக நம்பர் மாட்டினாலும், “வையம்பட்டி மாட்டினா இன்னும் நல்லா இருக்கும்” என்பார்கள். காலம் முழுக்க அதைக் கேட்டுக்கொண்டு மேஸ்திரியாக இருக்க வேண்டும். நல்ல காரியம் செய்வதற்கு எனக்குக் கிடைத்த காரணம் அவ்வளவு மட்டமானது. ஆனாலும் செய்தேன்.

திங்கட்கிழமை முதலாளி வந்து உட்கார்ந்ததும் சொன்னேன். பட்டை மேல் தட்டில் இருந்ததையும், எடுத்துப் பார்த்துத் திரும்ப வைத்ததையும், ஓட்டை நான் போட்டதையும் சொன்னேன். சாக்கைப் பிரித்துப் பட்டைகளை மேஜையில் வைத்தேன். அவர் அவற்றைத் தடவிப் பார்த்தார்.

“நீயா வந்து சொல்லலைன்னா எனக்கு இது தெரிஞ்சிருக்குமா?” என்றார்.

“தெரிஞ்சிருக்காதுங்க.”

“அதுக்காக உன்னை வேலைல வச்சுக்கறேன். ஆனா மேஸ்திரியா வச்சுக்க முடியாது.”

புதன்கிழமை வையம்பட்டி வந்தான், மேஸ்திரியாக. நான் பேர் சொல்லாமல் ஊர் சொல்லிக் கூப்பிட்டவனை இனி மேஸ்திரி என்று கூப்பிட வேண்டும். அந்த வார்த்தையை முதல் தடவை சொல்ல எனக்கு மத்தியானம் வரை ஆயிற்று. அவன் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஷெட்டிலேயே ஓரமாக நின்ற வக்கீல் வண்டியை முன்னால் கொண்டுவரச் சொன்னான். புதுத் தகடு வந்தது. தான் வளைத்த பட்டைகளை எடுத்து மாட்டுவான் என்று எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தோம். அவனோ அவற்றைப் பழைய இரும்போடு போட்டான்.

“அண்ணே, நீங்களே அட்டை வெட்டுங்க. நீங்களே வளைங்க. நீங்களே மாட்டுங்க” என்றான்.

வெட்டினேன். மூன்று அட்டை வீணாயிற்று. பட்டையை வளைத்தேன், நிமிர்த்தினேன், மறுபடி வளைத்தேன். ஓட்டைகளில் துருப் பிடிக்காமல் செந்தூர பெயிண்ட் பூசினேன். தகடு மேலே உட்கார்ந்ததும் ஓட்டை இரண்டும் உள்ளே மறைந்தன. வண்டியை ரோட்டுக்குத் தள்ளினோம். பத்தடி தள்ளி நானே குந்திப் பார்த்தேன். நான் பார்த்தது பம்பரின் மேல் விளிம்பை மட்டும்தான். உங்கள் நம்பரைப் பார்க்கிறவன் தரையைப் பார்ப்பதில்லை, பம்பரைத்தான் பார்ப்பான். அதைத் தெரிந்துகொள்ள எனக்கு ஒரு மேஸ்திரி வேலை செலவாயிற்று. வலது பக்கம் ஒரு நூல் இறக்கினேன். வையம்பட்டி வந்து என் பக்கத்தில் குந்திப் பார்த்தான். ஒன்றும் சொல்லாமல் எழுந்து போனான். குறை இருந்தால் சொல்லாமல் போகிறவன் இல்லை.

இன்று வரை நான் மாட்டிய நம்பர்களில் அதுதான் முதல் தரம்.

மாலையில் வக்கீல் வந்தார். இந்தத் தடவை ஏமாறவில்லை, வண்டியை ரோட்டிலேயே நிறுத்தி முன்னாலும் பக்கவாட்டிலும் நின்று பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது. நேரே வையம்பட்டியிடம் போனார்.

“உம்ம கை பட்டாத்தான்யா சரியா வரது. பெருமாளுக்கு மாலை சாத்தின மாதிரி அம்சமா உக்காந்திருக்கு.”

வையம்பட்டி என்னை ஒரு தடவை பார்த்தான். பிறகு அவரைப் பார்த்து, “சந்தோஷம் சாமி” என்றான். வக்கீல் போய்விட்டார்.

கை கழுவும் இடத்தில் அவனைப் பிடித்தேன். “ஏன் சொல்லலை?”

“எப்படி இருந்துச்சுண்ணே?”

“நெஞ்செல்லாம் எரியுது.”

“எனக்கு அப்படித்தான் இருந்துச்சு, அந்தக் கார்டு வந்ததுலேருந்து. நீங்க ஒருநாள் இருந்து பாருங்க. அடுத்த தடவை அவர் வரும்போது சொல்லிடறேன்.”

சொன்ன சொல் தவறவில்லை. பத்து நாள் கழித்து வக்கீல் ஏதோ சின்ன வேலைக்கு வந்து, மறுபடியும் பம்பரைத் தட்டிக் கொடுத்து அவனைப் புகழ ஆரம்பித்தார். எட்டுப் பேர் எதிரில், முதலாளி எதிரில், அவன் அவரை நிறுத்தினான்.

“சாமி, நீங்க ஒண்ணு தெரிஞ்சுக்கணும். இதை நான் தொடவே இல்லை. அட்டை வெட்டினது, வளைச்சது, மாட்டினது எல்லாம் அண்ணன்தான்.”

வக்கீல் என்னைப் பார்த்தார். அவனைப் பார்த்தார். முதல் தடவை அவன் பேரைச் சொல்லி நான் கோணலாக மாட்டியதை அவர் மறந்திருப்பாரா? தலையை ஆட்டிக்கொண்டு வாய்விட்டுச் சிரித்தார்.

“தான் பண்ணின காரியத்தை இன்னொருத்தருக்குத் தூக்கிக் கொடுக்கிறீரே, இந்தக் குணம் யாருக்கய்யா வரும்?” என்று அவன் தோளைத் தட்டினார். அப்புறம் என் பக்கம் திரும்பினார். “ஓய், பக்கத்துலேயே இருக்கீரே. இவரைப் பார்த்தாவது கத்துக்கும்.”

அவன் மறுபடியும் ஏதோ சொல்ல வாயெடுத்தான். வேண்டாம் என்று நான் கையைக் காட்டினேன்.

“சரிங்க சாமி” என்றேன்.